குற்றவாளிக் கூண்டில் நாவலா, வாசகனா?

அமிதவ் கோஷின் 'தி கிரேட் டிரேஞ்ச்மென்ட்' 2016இல் வெளிவந்தது. சூழலியல் நெருக்கடியின் முன் இலக்கியத்தையும் வரலாற்றையும் அரசியலையும் நிறுத்தி விசாரிக்கும் நூல். நம் கருத்தரங்குகளில் அதை மேற்கோள் காட்டுவோர் பலர். மறுத்துப் பேசியவர் எவரையும் நான் கேட்டதில்லை.

கோஷின் வாதம் இது: யதார்த்தவாத நாவல் அன்றாடத்தையே தன் இலக்கணமாக்கிக்கொண்டது, நடக்க வாய்ப்பில்லாதது என்று தோன்றுவதை வெளியே தள்ளியது. 1978 மார்ச்சில் தில்லியைத் தாக்கிய சுழற்காற்றில் சிக்கிய அவராலேயே அதைத் தம் புனைவுக்குள் கொண்டுவர இயலவில்லை. ஆகவே பருவநிலை மாற்றம் தீவிர இலக்கியத்துக்குள் இடம்பெறாமல் அறிவியல் புனைகதைக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது என்கிறார்.

இதில் உண்மை இல்லாமலில்லை. 2017 ஏப்ரலில், வைகை அணையின் நீர் ஆவியாவதைத் தடுக்க, அமைச்சர் செல்லூர் ராஜு முன்னின்று தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார். காற்று அவற்றைக் கரையில் ஒதுக்கியது. ஒரு நாவலாசிரியர் இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் 'மிகை' என்று நாமே ஒதுக்கியிருப்போம்.

ஆயினும் அந்தத் தீர்ப்பைத் தமிழில் அப்படியே பதியம் போடுவதை ஏற்க இயலாது. நம் நிலத்தின் அழிவு பெரும்பாலும் புயலாக வரவில்லை. கூலியாகவும் கிரையப் பத்திரமாகவும் வந்தது. நான் வசிக்கும் கோச்சடையில் வைகைக்கரை வயல்கள் மனை மனையாகத்தான் மறைந்தன. உலகநேரிக் கண்மாய்ப் பரப்பில் 2004 முதல் உயர்நீதிமன்றக் கிளை இயங்குகிறது. தல்லாகுளத்தின் குளம் பெயரோடு நின்றுவிட்டது. இத்தகைய அழிவைச் சொல்ல அன்றாடத்தை எழுதும் யதார்த்தவாதத்தைவிடப் பொருத்தமான கருவி எது?

அக்கருவியை நம்மவர்கள் பயன்படுத்தியும் இருக்கிறார்கள். சா. கந்தசாமியின் 'சாயாவனம்' (1969) கரும்பாலைக்காக ஒரு வனம் அழிக்கப்படும் கதை. நாவலின் பெரும்பகுதி வெட்டுவதும் எரிப்பதுமான வேலைதான். முடிவில் ஊர்ப்பெண்களுக்கு நல்ல புளி கிடைப்பதில்லை. வனத்தின் இழப்பை அடுக்களையில் வைத்து அளந்தவர் அவர். பெருமாள்முருகனின் 'ஏறுவெயில்' (1991) குடியிருப்புக் காலனிக்கு நிலத்தைப் பறிகொடுத்த ஓர் உழவுக் குடும்பத்தின் சிதைவைச் சொல்கிறது. வைகை அணைக்காக மூழ்கிய ஊர்களை எழுதிய வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' 2003இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது.

இவற்றை நாம் எப்படி வாசித்தோம் என்பதே என் கேள்வி. முதலாவதைக் குறியீடு என்றோம். நவீனத்துவத்தின் இறுக்கம் என்று வியந்தோம். இரண்டாவதை வட்டார இலக்கியம் என்று அடுக்கினோம். வழக்குச் சொற்களைப் பொறுக்கி ஆய்வேடுகள் சமர்ப்பித்தோம். மூன்றாவதை வணிக இதழின் தொடர்கதை என்று சிற்றிதழ்காரர்கள் முகம் சுளித்துக் கடந்தார்கள். அதன் கலைக்குறைகள் குறித்து எனக்கும் விமர்சனம் உண்டு. ஆனால் அந்த அணையின் நீரைக் குடிக்கும் மதுரைக்காரன், அதன் அடியில் எவருடைய வீடு கிடக்கிறது என்று கேட்காமலே அந்நாவலை நிராகரிப்பது அழகியல் தீர்ப்பாகாது.

தமிழாசிரியர்களாகிய எங்களுக்கோ இன்னொரு தப்பிக்கும் வழி வாய்த்திருக்கிறது: திணைக் கோட்பாடு. முதல், கரு, உரி என்று வகுத்த நாங்கள் அன்றே சூழலியலாளர்கள் என்று மேடையில் முழங்கிவிட்டுக் கண்மாய்க்குள் வாங்கிய மனைக்கு வீடு திரும்புகிறோம். மருதத்தின் கருப்பொருளை ஒப்பிக்கும் மாணவனிடம், உன் ஊர்க் கண்மாய்க்கு நீர் எந்த வாய்க்கால் வழியே வருகிறது என்று எந்த வினாத்தாள் கேட்டிருக்கிறது? நிலத்தைப் பின்னணி என்று படிக்கப் பழக்கியபின் அது அழிவதையும் மாணவன் பின்னணியாகத்தான் பார்ப்பான்.

கோஷை வாசிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவருடைய கேள்வி தமிழில் முகவரி மாறிச் சேர்கிறது என்கிறேன். நாவலாசிரியர்கள் ஐம்பதாண்டுகளுக்கு முன்பே சாட்சி சொல்லிவிட்டார்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் மதிப்புரை எழுதுகிற, பாடம் நடத்துகிற நாம்.