வெளியே வர வாசல் எங்கே?

மலேயா நாடு நம்மவர்களுக்கு அந்நிய நாடல்ல. ரப்பர் தோட்டங்களில் தமிழன் ரத்தம் சிந்திய நாடு. ஆகவே, அங்கு “கடவுள் இல்லை” என்பவனுக்குச் சட்டத்தில் என்ன யோக்கியதை என்று நாம் கேட்பது அநாவசியமாகாது.

1957-ம் வருஷத்து அரசியல் சட்டத்தின் 11-வது பிரிவு, எவரும் தம் மதத்தை அனுசரிக்கலாம் என்கின்றது. மதமே வேண்டாம் என்பவனைப்பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. 160-வது பிரிவோ, மலாய்க்காரர் என்றால் இஸ்லாத்தை அனுசரிப்பவர் என்றே பொருள் சொல்லுகின்றது. 1970-ல் சர்க்கார் வெளியிட்ட தேசியக் கோட்பாடுகளில் முதலாவது கடவுள் நம்பிக்கை.

இதன் பலன் என்ன? இஸ்லாத்தை விட்டுக் கிறிஸ்தவரான லீனா ஜாய் என்னும் அம்மையார், தம் அடையாளச் சீட்டிலுள்ள “இஸ்லாம்” என்ற சொல்லை நீக்கும்படி கேட்டார். ஷரியத் கோர்ட்டின் அனுமதியில்லாமல் முடியாதென்று 2007-ல் அந்நாட்டின் தலைமை நீதி ஸ்தலம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஒரு கடவுளை விட்டு மற்றொரு கடவுளிடம் போகின்றவருக்கே இக்கதியென்றால், எக்கடவுளும் வேண்டாமென்பவன் கதி என்ன?

இது மலாய்க்காரர் சங்கதிதானே என்பார்கள். 1997 எவரெஸ்ட் குழுவில் இருந்த தமிழர் மூர்த்தி 2005-ல் இறந்தபோது, அவர் முஸ்லிமாக மாறியிருந்தார் என்று ஷரியத் கோர்ட் சொல்லிற்று. மனைவி மறுத்தும் சிவில் கோர்ட் தலையிட மறுத்தது. பிணமும் மதத்தினிடமிருந்து தப்பவில்லை!

ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போ அருகில் “கடவுள் இல்லை” என்று இன்று ஒருவர் கூட்டம் போட்டுப் பேசலாம். கோலாலம்பூரில் நாஸ்திகர் சிலர் கூடி எடுத்துக்கொண்ட படம் 2017-ல் வெளிவந்ததற்கே, அவர்களை வேட்டையாட வேண்டுமென்றார் ஒரு மந்திரி.

ஆனால் நாம் மார்தட்டிக்கொள்ள என்ன இருக்கின்றது? மத உணர்ச்சியைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கி 1927-ல் வெள்ளைக்காரன் செய்த 295-ஏ பிரிவு, 2024 முதல் புதுச் சட்டத்தில் 299-வது பிரிவாக உயிரோடிருக்கின்றது. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து நாஸ்திகம் பேசிய தோழர் பாரூக், அதே 2017-ல் நம் கோயம்புத்தூரிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார்.

சர்வ வல்லமையுள்ள கடவுளுக்குப் போலீசும் கோர்ட்டும் எதற்கு? சட்டத்தின் காவல் வேண்டியிருப்பது மனிதனுக்கே. உள்ளே போக வாசலும், வெளியே வரப் பூட்டும் உள்ள இடத்திற்கு ஜெயில் என்று பெயர். மலேசியாவாயினும் இந்தியாவாயினும், எந்த மதமானாலும், அந்தப் பூட்டு உடைய வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.