மரத்தடியும் மாளிகையும்

தோழா! தேவாலாவின் தேயிலைத் தோட்டத்து இளைஞன், கொட்டும் மழையில் உழைத்த கூலியைச் சேர்த்துக்கொண்டு சேப்பாக்கம் கிரிக்கெட் அரங்கின் வாயிலில் நிற்கிறான். "சீட்டுத் தீர்ந்தது" என்கிறார்கள்! உள்ளே, நிறுவனம் வாங்கிய குளிரூட்டிய தனியறையில், ஆட்டத்துக்கு முதுகு காட்டி விருந்துண்கிறார் கனவான்!

அன்று இதே சேப்பாக்கத்தில் வெள்ளையர் மாளிகையில் உண்டனர். நம்மவர் மரத்தடியில் உண்டனர். அந்த இழிவு கண்டு பொங்கிய புச்சிபாபு, 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைக் கண்டார். நிறத்தின் ஆணவம் போயிற்று. பணத்தின் ஆணவம் அந்த நாற்காலியில் அமர்ந்தது!

பிறப்பால் உயர்வில்லை என்ற நாம், பணப்பையால் உயர்வுண்டு என்று ஒப்புவதா? 2025இல் சென்னையிலும் மதுரையிலும் நடந்த இளையோர் உலகக் கோப்பை ஹாக்கிக்கு இலவச அனுமதி தந்தார்களே, ஆட்டம் அழிந்தா போயிற்று? கைதட்டும் கரங்களுக்கே முதலிடம்! கேட்கத் துணிவு வேண்டாமா?