வெள்ளைப்படுதல்: மருந்துக்கு முன் சோதனை

“உடம்புச் சூடுதான், வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடு, சரியாகிவிடும்.” வெள்ளைப்படுகிறது என்று தயங்கிச் சொல்லும் பெண்ணுக்கு நம் வீடுகளில் கிடைக்கும் முதல் ஆலோசனை பெரும்பாலும் இதுவே. வெந்தயத்தால் தீங்கில்லை, பேச்சு அதோடு முடிந்துவிடுவதே தீங்கு. அடுத்து, மருந்துக்கடையில் தாழ்ந்த குரலில் கேட்டு வாங்கும் மாத்திரை. அதுவும் பலிக்காத பிறகே மருத்துவமனை. இந்த வரிசை தலைகீழாக மாறவேண்டும் என்பதே எங்கள் கருத்து.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துவோம். மாதவிடாய்ச் சுழற்சியின் நாள்களுக்கேற்ப நிறமற்றோ வெண்மையாகவோ திரவம் கசிவது இயல்பு, அது நோயன்று. பிறப்புறுப்புப் பாதையில் வாழும் ‘லாக்டோபேசிலஸ்’ என்னும் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அமிலத்தைச் சுரந்து, பிற கிருமிகள் பெருகாமல் காக்கின்றன. இவை குறைந்து வேறு பாக்டீரியாக்கள் பெருகும் நிலையே ‘பாக்டீரியல் வஜைனோசிஸ்’. சாம்பல் கலந்த வெண்மையான, நீர்த்த கசிவும், மீன்வாடை போன்ற நாற்றமும் இதன் அடையாளங்கள். பலருக்கு எந்த அறிகுறியும் தோன்றாது. உலக அளவில், கருவுறும் வயதுப் பெண்களில் 100 பேருக்கு 23 முதல் 29 பேர் வரை இந்நிலையில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே இதில் வெட்கப்பட ஏதுமில்லை.

ஆனால் ‘வெள்ளைப்படுதல்’ என்ற ஒரே சொல்லுக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. தயிர்த் திப்பி போன்ற கசிவும் கடும் அரிப்பும் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். ‘டிரைக்கோமோனாஸ்’ என்னும் ஒட்டுண்ணியும் காரணமாகலாம். பூஞ்சைக்குரிய மருந்து பாக்டீரியாவைத் தீர்க்காது. நோய் இன்னதென்று அறியாமல் வாங்கும் மருந்து, பணத்தையும் நாள்களையும் வீணாக்குகிறது.

சோதனையோ மிக எளிது. 1983-இல் ஆம்செல் குழுவினர் வகுத்த நான்கு அளவுகோல்களே இன்றும் பயன்படுகின்றன: கசிவின் தன்மை, அமிலத்தன்மை குறைந்து பி.எச். அளவு 4.5-ஐத் தாண்டியிருத்தல், காரத் துளி சேர்த்தால் எழும் மீன்வாடை, நுண்ணோக்கியில் தெரியும், பாக்டீரியாக்கள் அப்பிய ‘க்ளூ’ செல்கள். இவற்றுள் மூன்று பொருந்தினால் நோய் உறுதி. மணமாகாத பெண்களைச் சோதனைக்கு அழைத்துவரப் பெற்றோர் அஞ்சுகின்றனர். கருவி எதுவும் நுழைக்காமல், பஞ்சுக்குச்சியால் அப்பெண்ணே மாதிரி எடுத்துக்கொடுக்கவும் வழியுண்டு.

அரசு மருத்துவமனைகளில், அறிகுறியைக் கொண்டே மருந்து தரும் முறையும் உண்டு. அதற்கெனப் பச்சைநிற மருந்துப் பொட்டலம் வழங்கப்படுகிறது. ஆய்வகம் எட்டாத ஊர்களில் அது தேவையான ஏற்பாடே. அங்கும் மருத்துவர் ஒருவர் கேட்டறிந்தே தருகிறார். ஆய்வகம் நடந்துபோகும் தொலைவில் இருக்கும் திருவான்மியூரில், கடைமேசையில் கேட்டு வாங்குவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

தடுப்பு முறைகளுள் முதன்மையானது, அளவுமீறிய ‘சுத்தத்தை’க் கைவிடுவது. சோப்பு, கிருமிநாசினி, வாசனைத் திரவம் ஆகியவற்றால் உட்புறத்தைக் கழுவுவது நன்மை செய்யும் நுண்ணுயிர்களையே அழிக்கும். வெளிப்புறத்தை வெறும் நீரால் கழுவினால் போதும். மருத்துவர் எழுதிய மெட்ரோனிடசோல் போன்ற மருந்தை, நாற்றம் நின்றதும் நிறுத்தாமல், சொன்ன நாள்வரை உட்கொள்ள வேண்டும். இந்நோய் குறைப்பிரசவத்தோடு தொடர்புடையது என்பதால், கருவுற்றவர்கள் அறிகுறி தோன்றியவுடன் தெரிவிக்க வேண்டும்.

நோய் மீண்டும் வரும்போதுதான் பெண்ணின் மீது பழி விழுகிறது. இதில் கணவர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். 2025-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், வேறு துணையில்லாத இணையர்கள் கலந்துகொண்டனர். பெண்ணுக்கு மட்டும் மருந்து தந்தபோது, 12 வாரங்களுக்குள் 63 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. ஆணுக்கும் மாத்திரையும் களிம்பும் தந்தபோது அது 35 விழுக்காடாகக் குறைந்தது. யாருடைய ஒழுக்கத்தையும் இந்நோயை வைத்து அளக்க முடியாது. ஆனால் சிகிச்சையில் கணவருக்கும் பங்குண்டு. மருத்துவர் அழைத்தால் உடன் வாருங்கள்.

மௌனத்தின் விலையை நம் நாடு முன்பே கண்டிருக்கிறது. மராட்டிய மாநிலம் கட்சிரோலியில் ராணி பங், அபய் பங் என்னும் மருத்துவத் தம்பதியர், இரு கிராமங்களின் 650 பெண்களைப் பரிசோதித்து 1989-இல் முடிவுகளை வெளியிட்டனர். 92 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன் பரிசோதனை செய்துகொண்டவர்களோ 8 விழுக்காட்டினர் மட்டுமே. அவர்களுக்கு மருத்துவமனை தொலைவில் இருந்தது. நமக்கு அந்தக் காரணம் இல்லை.

மருந்தீசர் கோயில் கொண்ட ஊர் இது. இங்கு எந்தப் பெண்ணும் நோயை மறைத்து வாழ வேண்டியதில்லை. அடுத்தமுறை உங்கள் மகளோ மருமகளோ தயங்கிப் பேசத் தொடங்கினால், “சூடு” என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். “வா, சோதித்துப் பார்ப்போம்” என்று சொல்லுங்கள்.