மீன்தொட்டியின் விளக்கும் மீனின் நிறமும்

வட கொல்கத்தாவின் காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில் வளர்ப்பு மீன் வாங்குவோர் ஒரு நன்மையைத் தம்மையறியாமலே பெறுகின்றனர். அங்கே மீன்கள் அகன்ற பாத்திரங்களிலும் நெகிழிப் பைகளிலும் திறந்த வானத்தின்கீழ் விற்பனைக்கு வைக்கப்படுகின்றன. காலை வெளிச்சத்தில் எது தெரிகிறதோ அதையே வாங்குபவர் காண்கிறார். அதே மீனை மாலை வேளையில் கண்ணாடிக் கதவிட்ட கடையொன்றில் நீலமும் இளஞ்சிவப்பும் கலந்த விளக்கின்கீழ் பார்ப்பவர், பாதி மீனையும் பாதி விளக்கையும் பார்க்கிறார். விலையோ முழுதும் மீனுக்கே கொடுக்கிறார்.

வீட்டுக்கு வந்தபின் தொடங்குகிறது ஏமாற்றம். கடையில் தீப்பிழம்பாய்த் தெரிந்த சிவப்பு, வீட்டுத் தொட்டியில் செங்கல் நிறமாகிவிடுகிறது. மீனுக்கு நோயோ, தண்ணீரில் குறையோ, தீனி போதவில்லையோ என்று மனம் அலைகிறது. நிறமூட்டும் தீனி என்ற பெயரில் ஒரு டப்பா வாங்கப்படுகிறது. பிறகு விலையுயர்ந்த விளக்கொன்றும் வாங்கப்படுகிறது. மீன்தொட்டி விளக்கைப் பற்றிய பேச்சு விலை, வாட், வெளிச்சத்தின் அளவு ஆகிய மூன்றிலேயே சுற்றிக்கொண்டிருப்பதுதான் இந்தச் செலவுத் தொடருக்கு வேர். கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்த நிறத்தை, எந்தப் பொருள், எந்த ஒளியைக் கொண்டு உண்டாக்குகிறது?

மீனின் உடலில் நிறம் இரு வழிகளில் பிறக்கிறது. சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் நிறமிகளால் ஆனவை. அவற்றுள் முதன்மையான கரோட்டினாய்டுகளை மீன் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. உணவின் வழியாகவே பெற்றாக வேண்டும். நீலமும் வெள்ளி மினுக்கும் அப்படியல்ல. தோலிலுள்ள உயிரணுக்களில் குவானின் படிகங்கள் மெல்லிய தட்டுகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் எழும் நிறம் அது. அங்கே நீலச் சாயம் எதுவும் இல்லை. இந்திய இயற்பியலுக்கு இது அயலான செய்தியன்று, 1930களில் ச. வெ. இராமன் பனங்காடையின் இறகிலும் சிப்பிகளின் உட்புறத்திலும் தோன்றும் நிறங்களை ஆராய்ந்தபோது, சாயமின்றி அமைப்பினால் உண்டாகும் நிறத்தையே தேடிச் சென்றார்.

நியான் டெட்ராவின் பக்கவாட்டுக் கோடு இதற்குக் கைக்கெட்டும் சான்று. இரவில் அக்கோடு மங்கி ஊதாச் சாயலுக்கு மாறிவிடும். தட்டுகளுக்கு இடைப்பட்ட தொலைவு வெளிச்சத்திற்கும் இருளுக்கும் ஏற்ப மாறுவதே காரணம். விடியற்காலையில் விளக்கைப் போட்டவுடன் மீன் வெளிறியிருப்பதைக் கண்டு பதறுவோர் சில நிமிடங்கள் பொறுத்தால் நீலம் தானே திரும்பும். அந்தப் பொறுமைக்கு ஈடான விளக்கு எந்தக் கடையிலும் விற்கப்படவில்லை.

இனி விளக்குக்கு வரலாம். இன்று வீடுகளில் எரியும் வெள்ளை எல்.இ.டி. உண்மையில் ஒரு நீல விளக்கு. ஏறத்தாழ 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை உமிழும் சில்லின்மீது மஞ்சள் ஒளிர்பொருள் பூசப்பட்டிருக்கிறது. இரண்டும் கலந்து கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகின்றன. கலவை வெண்மையாக இருந்தாலும் அதன் நிறமாலை நிறைவானதன்று. நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது; ஆழ்சிவப்புப் பகுதியில் ஒளி மிகக் குறைவு. கரோட்டினாய்டின் சிவப்பு தன்மேல் விழும் சிவப்பொளியைத்தான் திருப்பியனுப்ப முடியும். விளக்கில் இல்லாத சிவப்பை மீன் எங்கிருந்து தரும்?

இக்குறையை அளப்பதற்கென்றே சி.ஆர்.ஐ. எனப்படும் நிறங்காட்டு எண் ஒன்று உண்டு. விளக்குப் பெட்டியில் 80 என்றோ 90 என்றோ அச்சிடப்பட்டிருப்பது அதுவே. ஆனால் அந்த எண் எட்டு மங்கலான மாதிரி நிறங்களின் சராசரி. ஒன்பதாவது மாதிரியான அடர்சிவப்பு அதில் சேர்வதில்லை. எனவே 80 என்று பெருமையாக அச்சிட்ட விளக்கிலும் அடர்சிவப்பின் மதிப்பு சுழியத்தை ஒட்டிக் கிடக்கலாம். பழக்கடையின் மாதுளையும் மீன்தொட்டியின் சிவப்பு வாளும் ஒரே நேரத்தில் சாயமிழப்பது இங்கேதான்.

மலிவான விளக்கு என்றாலே இந்தியாவில் 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தைப் பேசாமல் இருக்க இயலாது. 2014இல் 310 ரூபாயாக இருந்த எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலை, மொத்தக் கொள்முதலின் வலிமையால் 2016இல் 38 ரூபாயாக இறங்கியது. எளிய குடும்பங்களின் மின்கட்டணத்தை அத்திட்டம் குறைத்தது என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரு வாட்டுக்கு எவ்வளவு வெளிச்சம் என்ற ஒற்றை அளவுகோல் மக்கள் மனத்தில் நிலைத்துவிட்டது. நிறம் எவ்வளவு உண்மையாகத் தெரிகிறது என்ற கேள்வி அந்த அளவுகோலில் இடம்பெறவில்லை. துணிக்கடையில் வாங்கிய புடவையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்க்கும் வழக்கமுள்ள நாட்டில், மீனை அப்படிப் பார்க்கத் தோன்றாதது வியப்பே.

அப்படியானால் விலையுயர்ந்த மீன்தொட்டி விளக்குதான் தீர்வா? இல்லை. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டியில் ஏறத்தாழ 55 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் செடி வளர்க்கும் பேராவல் இல்லையெனில், 9 வாட் எல்.இ.டி. பல்பு தரும் வெளிச்சத்தில் பாதியே போதுமானது. நிறங்காட்டு எண் 90க்கு மேலுள்ள சாதாரண வீட்டு விளக்கோ, தச்சர்கள் அலமாரிகளில் ஒட்டும் 12 வோல்ட் ஸ்ட்ரிப்போ இவ்வேலையைச் செவ்வனே செய்யும். 9 வாட் விளக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் எரிந்தாலும் மாதத்திற்கு இரண்டு யூனிட்டைச் சற்றே தாண்டும். ஒரு தேநீர்க் கடைச் செலவு. ஒளியின் சாயலைப் பொறுத்தவரை 6500 கெல்வின் என்னும் நீலவெண்மையைவிட 4000 முதல் 5000 கெல்வின் வரையிலான நடுநிலை வெண்மை சிவப்பும் நீலமும் ஒருங்கே கொண்ட மீனுக்குப் பொருந்தும். தண்ணீருக்குமேல் 230 வோல்ட் கம்பியைத் தொங்கவிடுவதைக் காட்டிலும் 12 வோல்ட் ஸ்ட்ரிப்பைத் தேர்ந்து அதன் அடாப்டரைத் தொட்டியிலிருந்து தள்ளி வைப்பது நன்று. கம்பி தொட்டியிலிருந்து பிளக்குக்குச் செல்லும் வழியில் ஓரிடத்தில் தாழத் தொங்கினால், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். நிறத்தைப் பற்றிய பேச்சில் இது விலகல்தான். ஆயினும் விடுதி அறைகளில் காணப்படும் சில ஏற்பாடுகளை எண்ணினால் சொல்லாமல் விடுவதற்கில்லை.

விளக்கின் தரத்தைவிடவும் விளக்கின் இடம் பெரிது. பெரும்பாலான தொட்டிகளில் விளக்கு மூடியின் நடுவிலோ பின்புறமோ பொருத்தப்படுகிறது. மேலிருந்து விழும் ஒளி மீனின் முதுகை வெளுக்கச் செய்து விலாவை நிழலில் ஆழ்த்துகிறது. பார்ப்பவர் காண விரும்புவதோ விலா. அதே விளக்கை முன்கண்ணாடியை ஒட்டி நகர்த்திச் சற்றே உள்நோக்கிச் சாய்த்தால், படிக அடுக்குகளில் பட்ட ஒளி பார்ப்பவரை நோக்கித் திரும்புகிறது. ஒரு பைசா செலவில்லாத இம்மாற்றம் ஆயிரக்கணக்கான ரூபாய் விளக்கு செய்யாததைச் செய்துவிடும்.

தரையும் பின்புலமும் அடுத்தவை. வெள்ளைக் கூழாங்கல்லைப் பரப்பி, அதன்மேல் கடும் வெளிச்சத்தைப் பாய்ச்சினால் மீன் வெளிறும். பின்புலத்திற்கேற்ப நிறமி அணுக்களைச் சுருக்கியும் விரித்தும் தன்னை மறைத்துக்கொள்வது மீனின் இயல்பு. வெண்மணல்மீது அது வெளிறுவது பிழைப்புக்கான முயற்சி. ஆற்றுமணலும் பின்கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு அட்டையும் போதும், சில நாள்களில் நிறம் ஆழப்படும். வளாகங்களில் உதிர்ந்து கிடக்கும் நாட்டுவாதுமைச் சருகில் ஒன்றிரண்டைக் கழுவிப் போட்டால் நீர் இளந்தேநீர் நிறம் பெறும். அந்நீர் நீல ஒளியைச் சற்று விழுங்குவதால் சிவப்பு எடுப்பாகத் தெரியும்.

வங்காளத்துக் குளங்களின் சிறு குறாமி மீன் இதற்கெல்லாம் உரைகல். 1822இல் பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கையின் மீன்களைப் பற்றி வெளியிட்ட நூலில் அறிவியல் பெயர் பெற்ற மீன் அது. ஆணின் விலாவில் சிவப்புப் பட்டைகளும் நீலப் பட்டைகளும் மாறிமாறி ஓடுகின்றன. செடிகள் அடர்ந்த, அரைநிழல் சூழ்ந்த ஆழமில்லா நீரில் வாழ்வது அதன் இயல்பு. மிதக்கும் பாசிச்செடிகளின் நிழலும் மிதமான ஒளியும் கிடைத்தால் ஓரிரு வாரங்களில் வெளியே வந்து உலவும். கடும் வெளிச்சத்தில் மூலையில் பதுங்கி நிற்கும். பதுங்கி நிற்கும் மீனின் நிறத்தை எந்த விளக்கும் மீட்காது.

மிஸ் கேரளா என வணிகத்தில் அழைக்கப்படும் மீனின் கதை இன்னும் கனமானது. 1865இல் பிரான்சிஸ் டே விவரித்து, அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசனின் பெயரைச் சூட்டிய மீன் அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் மட்டுமே வாழ்கிறது. ஏற்றுமதிக்காக ஆறுகளிலிருந்து பெருமளவில் பிடிக்கப்பட்டதும் அது அழிவின் விளிம்புக்கு வந்ததற்கு ஒரு காரணம். இன்று பண்ணைகளில் இனப்பெருக்கம் செய்யும் முறை கைவந்திருக்கிறது. பண்ணை மீன் வாங்கியவர், மட்டமான விளக்கின்கீழ் அதன் செங்கோடு பழுப்பாகத் தெரிவதைக் கண்டு, காட்டோடை மீனுக்குத்தான் நிறம் உண்டு என்று முடிவு கட்டினால், அந்த முடிவின் விலையை ஓடை செலுத்த நேரும். விளக்குத் தேர்வு வெறும் அழகுணர்ச்சிக்குரியது என்போர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வணிகர் பக்கத்து நியாயம் ஒன்றுண்டு. கடையில் பொருளை எடுப்பாகக் காட்டுவது எல்லா வணிகத்திற்கும் பொது. நகைக்கடை மஞ்சள் விளக்கு போடுவதில்லையா என்று கேட்பர். நகையை வீட்டுக்குக் கொண்டுவந்து மஞ்சள் விளக்கு இல்லாததால் அது நோயுற்றது என்று எவரும் மருந்து ஊற்றுவதில்லை. உயிருள்ள பொருளில் வேறுபாடு அங்கேயே. மேலும், மீனின் இயல்பான நிறம் போதாது என்ற பசி ஒருமுறை கிளம்பினால் அது விளக்கோடு நிற்பதில்லை. உடல் ஊடுருவித் தெரியும் கண்ணாடி மீனின் தசையில் ஊசியால் சாயம் செலுத்தி விற்ற காலம் உண்டு. ஒளிரும் புரதத்தின் மரபணுவைப் புகுத்திய வரிக்குதிரை மீன் சிங்கப்பூர் ஆய்வகத்தில் பிறந்து, 2003இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. இந்தியாவில் மரபணு மாற்றிய உயிரிகளை விற்க 1989ஆம் ஆண்டு விதிகளின்படி அரசின் ஒப்புதல் வேண்டும். அவ்விதியை ஒளிரும் மீன் வாங்குவோரில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பர்? அந்த மீன்களை நீல விளக்கின்கீழ் வைப்பதே வழக்கம். ஏனெனில் அவற்றின் ஒளிர்வு நீல ஒளியில்தான் மேலோங்கும்.

பவளத்தொட்டி வேறு கணக்கு. பவள உயிரிகளுக்குள் வாழும் பாசிகளுக்கு நீல ஒளி தேவை. அங்கு நீல விளக்கு ஏமாற்று ஆகாது. செடிகளை முதன்மையாகக் கொண்ட நன்னீர்த் தொட்டிக்கும் கூடுதல் ஒளி வேண்டும். அவற்றைக் காட்டி, நான்கு பொன்மீன் வளர்ப்பவரிடம் அதே விளக்கை விற்பதுதான் குறை. அங்கு அந்த ஒளியைப் பச்சைப்பாசி மட்டுமே அனுபவிக்கும். கண்ணாடியைத் தேய்ப்பது வளர்ப்பவர் பாடு.

இறுதியாக, இருள். மீனுக்கு இமை கிடையாது. விளக்கு எரியும்வரை அதற்குப் பகல்தான். ஐதராபாத்திலும் மும்பையிலும் வரிக்குதிரை மீனை ஆய்வுக்கு வளர்க்கும் கூடங்கள் உள்ளன. இம்மீன் வளர்ப்பில் உலகெங்கும் பின்பற்றப்படும் வழக்கம் 14 மணி நேரம் வெளிச்சம், 10 மணி நேரம் இருள் என்பது. அந்த இருளைத் தொடர்ந்து வரும் வெளிச்சத்தில்தான் மீன் முட்டையிடும். இதைப் பாடமாகச் சொல்லித்தரும் துறையின் நுழைவாயிலிலேயே, வரவேற்பு மேசைக்கு அருகில், இரவும் பகலும் அணையாத நீல விளக்கின்கீழ் மீன்கள் நீந்துவதைப் பல வளாகங்களில் காணலாம். காவலாளி விளக்கை அணைக்கக் கூடாது என்ற வாய்மொழி உத்தரவும் சில இடங்களில் உண்டு. விருந்தினர் எப்போது வருவார் என்று யார் அறிவார்? சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நேரக்கட்டுப்பாட்டு பிளக் ஒன்றை வாங்கி, காலை ஒன்பதுக்கு எரிந்து மாலை ஐந்துக்கு அணையுமாறு வைத்துவிட்டால் அத்தொட்டியின் சிக்கல் அன்றே தீரும். அதற்கான கோப்பு எத்தனை மேசைகளைக் கடக்க வேண்டியிருக்கும் என்பது வேறு ஆராய்ச்சி.

வாங்குபவரைப் பொறுத்தவரை செய்யக்கூடியது எளிது. மீனைப் பையில் பிடித்துத் தரச் சொல்லி, பணம் கொடுப்பதற்குமுன் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்க்கலாம். அதற்குக் கடைக்காரர் மறுத்தால் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடக்கலாம்.