எல்லாப் பாட்டுக்கும் எதற்கு ஸ்ட்ரிங்ஸ்?

எங்கள் கல்லூரியில் கீபோர்டு வாசிக்கிற எவனை வேண்டுமானாலும் பாருங்கள். மேடை ஏறியதும் பியானோவை எடுப்பான். அடுத்த நொடியே லேயர் பட்டனைத் தட்டி அதன் மேல் ஸ்ட்ரிங்ஸை ஏற்றுவான். காதல் பாட்டா, குத்துப் பாட்டா, பக்திப் பாட்டா என்ற கணக்கே கிடையாது. இந்தக் கூட்டத்தில் முதல் ஆள் நான்தான் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன் :-)

தெரியாதவர்களுக்குச் சின்ன விளக்கம். லேயர் என்றால் ஒரு கட்டையை அழுத்தும்போது இரண்டு ஒலிகள் சேர்ந்து வரும். ஸ்ப்ளிட் என்றால் கீபோர்டையே பாகம் பிரிப்பது. இடது கைக்கு பேஸ், வலது கைக்கு பியானோ. லேயர் ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. ஒரு கட்டைக்கு இரண்டு ரீடு ஒலிக்கிற ஆர்மோனியங்கள் எத்தனையோ காலமாக இருக்கின்றன.

என் கட்சி இதுதான். லேயர் நம்மைச் சோம்பேறி ஆக்குகிறது, ஸ்ப்ளிட் வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறது.

போன மாதம் கல்லூரி விழாவில் எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி முதன்முறையாக மேடையில் பாடினாள். மென்மையான குரல். நான் வழக்கம்போல பியானோவும் ஸ்ட்ரிங்ஸும். சரணம் வருவதற்குள் பக்கத்தில் வந்து "டேய், என் குரல் எனக்கே கேக்கலடா" என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பாதியிலேயே இறங்கிப் போய்விட்டாள். "பாவம், குரல் பத்தல" என்றார்கள் எல்லோரும். நானும் மறுத்துப் பேசவில்லை.

குரல் போதாமல் இல்லை. பியானோ ஒலி அடித்த உடனே தேய ஆரம்பிக்கும். அந்த இடைவெளியில்தான் பாடுகிறவரின் குரல் வெளியே தெரியும். ஸ்ட்ரிங்ஸ் அப்படியில்லை, விரலை எடுக்கும்வரை நின்று ஒலிக்கும். அவள் பாடிய அதே ஸ்தாயியில் நான் இரண்டு கையாலும் சுவர் எழுப்பிவிட்டேன்.

பி.காம் படிக்கிறவனுக்கு இது புரிந்திருக்க வேண்டும். எதுவும் இலவசம் இல்லை. 1981-ல் வந்த ரோலண்ட் ஜூபிடர்-8 ஒரே நேரத்தில் எட்டு ஸ்வரங்கள் ஒலிக்கும். இரண்டு ஒலிகளை லேயர் செய்தால் நான்குதான். 1987-ல் வந்த டி-50-யிலும் அதே கதை, பதினாறு எட்டாகிவிடும். இன்று 64, 128 என்று எண்ணிக்கை ஏறிவிட்டதால் செலவு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அந்தச் செலவைப் பாடுகிறவர் கொடுக்கிறார்.

ஸ்ப்ளிட்டில் இந்த ஏமாற்று நடக்காது. இடது கை பேஸ் வாசிக்க வேண்டும் என்றால் பாட்டின் கார்டு மாறும் இடமெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தி டோர்ஸ் குழுவுக்கு மேடையில் பேஸ் கிட்டார்காரர் கிடையாது. ரே மன்சாரெக் இடது கையால் ரோட்ஸ் பியானோ பேஸும் வலது கையால் ஆர்கனும் வாசித்தே 1960களில் சமாளித்தார். இரண்டு கருவியில் அவர் செய்ததை நாம் ஒரே கருவியில் செய்யலாம்.

"61 கட்டையில் பிரித்தால் என்னடா மிஞ்சும்?" என்பான் நண்பன். நடு ஸ-வில் (மிடில் சி) பிரித்தால் இடப்பக்கம் 24, வலப்பக்கம் 37. பாட்டுக்குத் துணை வாசிக்க மூன்று ஸ்தாயி போதாதா? பேஸ் மேலே ஒலித்தால் இடப்பக்கத்தை மட்டும் ஒரு ஸ்தாயி இறக்கிக்கொள்ளலாம். உண்மையான சிக்கல் பெடல்தான். மிதித்தால் பேஸும் சேர்ந்து இழுத்துக் குழம்பிவிடும். இடப்பக்கத்துக்கு மட்டும் பெடலை நிறுத்தும் வசதி இருந்தால் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் காலை எடுங்கள்.

லேயரே கூடாது என்று சொல்லவில்லை. கடைசிப் பல்லவியில், ஸ்ட்ரிங்ஸின் வால்யூமைப் பாதியாகக் குறைத்து, ஒரு ஸ்தாயி மேலே வைத்து, அளவோடு போடுங்கள். யாரும் பாடாத இடத்தில் ஆசை தீரப் போடுங்கள். அதில் எனக்கு வழக்கு இல்லை.

அன்று பாதியில் இறங்கிப் போனவள் இதைப் படித்தால் அவளுக்கு ஒரு வார்த்தை. தப்பு உன் குரலில் இல்லை, அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ரிகர்சலுக்கு வா. அந்தப் பட்டனை நான் தொடமாட்டேன்.