புதுக் காருக்கு இன்னொரு பூச்சு தேவையா?

திருவனந்தபுரம் பழவங்காடி கணபதி கோயில் முன்பு காலை நேரத்தில் புதுக் கார்கள் நிற்பது வழக்கமான காட்சி. முகப்பில் பூமாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், விநாயகருக்குச் சிதறு தேங்காய். ஓணத்தை ஒட்டிய சிங்க மாதத்தில் கூட்டம் இன்னும் அதிகம். இந்திய ராணுவத்தின் பராமரிப்பிலுள்ள இக்கோயிலுக்கு வண்டி கொண்டு வருவோரில் சாலைக் கடைத்தெருத் தமிழ் வியாபாரிகளும், அலுவலகக் குமாஸ்தாக்களும் உண்டு. பல வருடச் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்ந்துதான் அவர்களுடைய கார் கோயில் வாசலுக்கு வருகிறது.

ஆனால் வண்டி கோயிலுக்கு வருமுன்பே விற்பனை நிலையத்தில் வேறொரு காணிக்கை வசூலாகிவிடுகிறது. 'பெயின்ட் புரொடெக்ஷன்', 'டெஃப்லான்', 'செராமிக்' என்று பல பெயர்களில் அது வருகிறது. கடற்கரை ஊர், உப்புக்காற்று, வருடத்தில் இரண்டு மழைக்காலம், கடும் வெயில், பூச்சு இல்லாவிட்டால் சாயம் போய்விடும் என்று விற்பனையாளர் அடுக்குகிறார். யானையை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பாரா? கையெழுத்து விழுந்துவிடுகிறது.

இந்தப் பயம் ஒரு காலத்தில் நியாயமானதே. அம்பாசடரும் பிரிமியர் பத்மினியும் ஓடிய நாட்களில் வண்ணத்தின் மேல் தனிக் காப்பு கிடையாது. வெயிலில் வெளிறும், மெழுகு தேய்த்தால்தான் பளபளப்பு திரும்பும். இன்றைய கார் அப்படியல்ல. தகட்டின் மேல் துருத்தடுப்பு, அடிப்பூச்சு, வண்ணம் ஆகியவற்றைப் பூசி, அதற்கும் மேலே 'கிளியர் கோட்' எனும் நிறமற்ற படலத்தைத் தொழிற்சாலையிலேயே சூடேற்றி இறுக வைக்கிறார்கள். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் கனம். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் அந்த மேல் படலத்திலேயே இருக்கிறது. அதாவது, விற்பனையாளர் விலை சொல்லும் காப்பில் பெரும்பகுதி காரின் விலையிலேயே அடங்கிவிட்டது.

டெஃப்லான் என்ற பெயரைக் கேட்டதும் தோசைக்கல் நினைவுக்கு வரும். அந்தப் பொருள் உருகுவதற்கே சுமார் 327 டிகிரி சென்டிகிரேட் வெப்பம் வேண்டும். தோசைக்கல்லை உலையில் சுடலாம். புதுக் காரைச் சுட முடியுமா? துணியால் தேய்த்துவிடும் பூச்சு நல்ல மெழுகு பாலிஷ் செய்வதைச் செய்யும். சில மாதங்களில் மழையோடு போய்விடும்.

செராமிக் பூச்சு அதைவிட மேலானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முறையாகச் செய்தால் ஓரிரு வருடம் நிற்கும். தண்ணீர் முத்து முத்தாக வழிந்தோடும். கழுவும் வேலை குறையும். எனினும் அதன் கனம் ஓரிரண்டு மைக்ரான்தான். லாரிச் சக்கரம் தெறிக்கும் கல்லையும், கிழக்கே கோட்டை நெரிசலில் ஸ்கூட்டரின் கைப்பிடி இழுக்கும் கோட்டையும் அது தடுக்காது. கல்லடியைத் தாங்குவது 150 மைக்ரானுக்கு மேல் கனமுள்ள பாலியூரிதேன் படலம். அதன் விலையோ சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது.

பணக் கணக்கையும் பார்க்க வேண்டும். உதாரணமாக, ரூ.20,000 பூச்சைக் கார்க் கடனோடு சேர்த்து, 9 சதவீத வட்டியில் ஏழு வருடம் கட்டினால் மொத்தம் ரூ.27,000 ஆகிறது. பூச்சு அழிந்து பல வருடங்கள் ஆன பின்னும் தவணை ஓடிக்கொண்டிருக்கும். 'ஐந்து வருட உத்தரவாதம்' என்ற தாளிலும் குறித்த காலத்துக்கு ஒருமுறை அதே நிலையத்தில் பராமரிப்புச் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை சிறிய எழுத்தில் இருப்பதுண்டு. ஒரு தவணை தவறினால் உத்தரவாதமும் போயிற்று.

விற்பனையாளர் மீது மட்டும் குறை சொல்வதற்கில்லை. கார் விற்பனையில் டீலருக்கு நிற்கும் லாபம் சொற்பம். இன்சூரன்ஸ், உதிரி அலங்காரம், பூச்சு ஆகியவற்றில்தான் அவர் அதை ஈடுகட்டுகிறார். விற்க முயல்வது அவர் தொழில். கட்டாயப்படுத்துவதுதான் தவறு. ஒரு பொருளை வாங்கினால்தான் மற்றது கிடைக்கும் என்பது 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கட்டுப்படுத்தும் வணிக முறை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் புகார் செய்யலாம். ரூ.5 லட்சம் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை.

எனவே முன்பணம் கட்டும்போதே, காரின் விலை, பதிவு, இன்சூரன்ஸ் தவிர மற்றவற்றைத் தனித்தனியாக எழுதித் தரும்படி கேட்க வேண்டும். வேண்டாதவற்றை அடிக்கச் சொல்ல வேண்டும். பூச்சு வேண்டும் என்று தோன்றினால் அந்த மேஜையிலேயே முடிவு செய்யாமல், வெளியே இரண்டு இடத்தில் விலை விசாரித்துச் செய்துகொள்ளலாம். கார் ஒன்றும் ஓடிவிடாது.

வாங்கிய பிறகு பணத்தைவிடக் கை உழைப்பே வண்ணத்தைக் காக்கும். மண் படிந்த வண்டியை உலர்ந்த துணியால் துடைப்பதுதான் வண்ணத்துக்கு முதல் எதிரி. முதலில் நிறையத் தண்ணீர் விட்டு மண்ணை இறக்கி, கார் ஷாம்பூவால் கழுவ வேண்டும். பறவை எச்சத்தை அன்றன்றே நீக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெழுகு போட்டால் போதும். கடற்கரை போய் வந்தால் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும்.

மிச்சமாகும் பணத்தை வைக்கவும் இடமுண்டு. வாடகை வீட்டு வாசலில் வெயிலில் நிற்கும் வண்டிக்கு, வீட்டுக்காரர் சம்மதித்தால், ஒரு தகரக் கொட்டகை போடலாம். எந்தப் பூச்சையும்விட அது தரும் நிழலே கார் வண்ணத்துக்கு நீண்ட நாள் காவல்.