அச்சு உனக்கு, மின்னூல் எனக்கு

2012 ஜனவரியில் டெக்சாஸ்காரரான கொலீன் ஹூவர் தன் முதல் காதல் நாவல் ‘ஸ்லாம்டு’வை அமேசானில் தானே வெளியிட்டார். சமூகப் பணியாளர் வேலையில் இருந்தவர். அதே ஆண்டில் நாவல் நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் ஏறியது, பதிப்பகம் தேடி வந்தது. புதிதாக எழுத வருகிறவர்களுக்கு ஆசை காட்ட இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

காதல் நாவலாசிரியர் பெல்லா ஆண்ட்ரேயின் கதை இன்னும் சுவாரசியம். பதிப்பகம் கைவிட்டபின் மின்னூல்களைத் தானே விற்றுப் பேரெடுத்தார். 2012இல் ஹார்லெக்வின் பதிப்பகம் தேடி வந்தபோது அச்சு உரிமையை மட்டும் பத்து லட்சம் டாலருக்குக் குறையாமல் கொடுத்தார், மின்னூலை விடவில்லை. கணக்குத் தெரிந்த அம்மா!

அமேசானில் மின்னூலுக்கு 2.99 முதல் 9.99 டாலர் வரை விலை வைத்தால் எழுத்தாளருக்கு 70 சதவீதம் வரை கிடைக்கும். 99 சென்ட் என்றால் 35தான்.

ஆனால் பிழைதிருத்தம், விளம்பரம், அட்டைப்படம் எல்லாம் கைக்காசு. அதிலும் அட்டையில் கஞ்சத்தனம் செல்லாது. பண்ணைவீட்டுக் காதலா, கோடீஸ்வரன் காதலா என்பது வாசகிக்குக் கைப்பேசியின் தம்மாத்துண்டுப் படத்திலேயே தெரிந்தாக வேண்டும்.